வீட்டுப் பழம்பொருளைக் கண்காட்சியில் வைத்தால் வழக்கு வருமா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக மூன்று நாள் நிகழ்ச்சி வைத்திருக்கிறோம். முதல் நாள் நடுகற்களைப் பார்க்க மரபு நடை, மறுநாள் கல்வெட்டுப் படியெடுக்கும் பயிற்சி, கடைசி நாள் பள்ளிக்கூட ஹாலில் ஊர்க்காரர்கள் வீட்டுப் பழம்பொருள்களின் கண்காட்சி. ஓலைச்சுவடி, பழைய பத்திரங்கள், காசுகள், ஒரு வீட்டுப் பூஜையில் இருக்கும் ஐம்பொன் அம்மன் எல்லாம் வருவதாக இருக்கிறது. ‘நூறு வருஷத்துப் பொருளை வெளியே காட்டினால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், கேஸ் ஆகும்’ என்று ஒருவர் பயமுறுத்துகிறார். தொல்லியல் துறையில் தனக்கு ஆள் தெரியும் என்று இன்னொருவர், எல்லாப் பொருளுக்கும் சேர்த்து ‘சர்டிபிகேட்’ வாங்கித் தர 15,000 ரூபாய் கேட்கிறார். 3,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். கண்காட்சியை நடத்தலாமா, விட்டுவிடலாமா?

பதில்: தாராளமாக நடத்துங்கள். உங்கள் வீட்டுப் பொருளை ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அந்த அம்மனை மட்டும் ஹாலுக்குக் கொண்டுவராதீர்கள். மீதி 12,000 ரூபாயை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பயமுறுத்தியவர் மனதில் இருப்பது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம். 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், காசு, கைவினைப் பொருள் எல்லாம் இதன் கண்ணில் தொல்பொருள்தான். ஆனால் அந்தச் சட்டம் தடுப்பது நாட்டை விட்டு வெளியே அனுப்புவதையும், உரிமம் இல்லாமல் விற்பனைத் தொழில் நடத்துவதையும். அதோடு சில வகைப் பொருள்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. பொதுவில் வைத்துக் காக்க வேண்டியது என்று மத்திய அரசு கருதும் ஒரு பொருளை, உத்தரவு போட்டு இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. அந்த அதிகாரத்தை உங்கள் ஊர் ஹாலில் இருக்கும் காலணாக் காசுகளின் மேல் யாரும் பிரயோகிக்கப் போவதில்லை.

பதிவு செய்ய வேண்டியவை கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு ஆகியவற்றில் செய்த சிற்பங்கள், மரச் சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் உள்ள சுவடிகள். காசு இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஊர் அம்மன் இருக்கிறாள். அவள் நூறு ஆண்டைத் தாண்டியவளாக இருந்தால் அந்த வீட்டுக்காரர் அவள் படத்தோடு தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் விண்ணப்பித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியது உரிமையாளர். நடுவில் உங்கள் குழுவுக்கும் வேலை இல்லை, தரகருக்கும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் இந்தச் சட்டமே தெரியாது. தெரியாததற்கு அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? அரை நூற்றாண்டாக இருக்கும் ஒரு சட்டத்தை, ஒரு பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் நாலு வரித் தமிழில் எழுதி ஒட்டி நான் பார்த்ததில்லை. தெரிந்து போய் மனு கொடுத்தவனை ‘படம் சரியில்லை, அளவு எழுதவில்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று அலைய விட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். தரகன் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

பதிவாகாத ஐம்பொன் சிலையை ஹாலில் வைத்தால், அது யாருடையது, எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்ற கேள்வி முதல் மணி நேரத்திலேயே எழும். தமிழ்நாட்டில் சிலைத் திருட்டை விசாரிக்கத் தனிக் காவல் பிரிவு 1983லிருந்து இருக்கிறது. அவர்கள் கேட்டால் வீட்டுக்காரர் பதில் சொல்ல முடியும் என்றே வைத்துக்கொள்வோம். எதற்கு வம்பு? முன்புறம், பின்புறம், பீடம், அதில் எழுத்து இருந்தால் அது, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து நான்கு படம் எடுங்கள். பெரிதாக அச்சிட்டு ஹாலில் மாட்டுங்கள். அதே படங்களை வைத்து வீட்டுக்காரரைப் பதிவுக்கும் அனுப்புங்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதை மட்டும் படத்துக்குக் கீழே எழுதாதீர்கள்.

சுவடி, பத்திரம் விஷயத்தை விளக்கமாகவே சொல்கிறேன். குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். மற்றதற்கெல்லாம் நூறு ஆண்டு என்றால், கையெழுத்துச் சுவடிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டு போதும். ஆகவே தாத்தா 1940இல் எழுதி வாங்கிய நிலப் பத்திரம்கூடத் தொல்பொருள் ஆகலாம். ஆகலாம் என்றுதான் சொல்கிறேன். 75 ஆண்டு ஆனால் மட்டும் போதாது, அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை இவற்றில் ஏதாவது ஒரு மதிப்பு அதற்கு இருக்க வேண்டும். ஏரி மதகைப் பழுது பார்க்க ஊரே கூடி எழுதிய உடன்படிக்கைக்கு அந்த மதிப்பு உண்டு. வெறும் கடன் பத்திரத்துக்கு உண்டா என்றால் வாதம்தான். சரி, தொல்பொருள் என்றே வைத்துக்கொண்டாலும் பதிவு வேண்டுமா? அதில் ஓவியமோ சித்திர அலங்காரமோ இருந்தால் வேண்டும். வெறும் எழுத்து மட்டும் என்றால் வேண்டாம். வைத்திய ஓலை, சோதிட ஓலை, எண்சுவடி எல்லாம் பெரும்பாலும் வெறும் எழுத்துதான். ஆனால் மேல் பலகையில் சாமி படம் வரைந்த கட்டுகளும் உண்டு. அப்படி ஒன்று வந்தால் தனியே எடுத்து வையுங்கள். பதிவு தேவையில்லாத ஓலையாக இருந்தாலும் அது தொல்பொருள் என்பதால் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது. ‘அமெரிக்காவில் இருக்கும் பேரன் ஆசைப்படுகிறான்’ என்று பெட்டியில் வைத்து அனுப்பினாலும் விமான நிலையத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஓலையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கயிற்றை அவிழ்த்து விசிறி மாதிரி விரித்துக் காட்டும் பழக்கம் நம் ஊர்க் கண்காட்சிகளில் இருக்கிறது. காய்ந்த ஓலை துளையோரத்தில் பிளந்துவிடும். நாலு ஓலையை மட்டும் கண்ணாடிக்கு அடியில் பரப்பி வைத்தால் போதும். மின்விசிறிக்கு நேர் கீழே மேசை போடாதீர்கள்.

இனி காசு மேசை. நீங்கள் கேட்காத விஷயம். என்றாலும் உங்கள் கண்காட்சியில் ஆபத்து இருப்பது இந்த மேசையில்தான்.

கண்காட்சி நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே இரண்டு பேர் காரில் வருவார்கள். காசுகளைப் புரட்டிப் பார்த்து, ‘இது அபூர்வம், பார்ட்டி சென்னையில் இருக்கிறார், மூன்று லட்சம் போகும், டெஸ்டிங் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று ஒரு பக்கமும், ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ மறுபக்கமும் உள்ள செப்பு வில்லை கட்டாயம் ஒன்றாவது உங்களிடம் வரும். அது புழக்கத்தில் இருந்த காசே இல்லை. பிற்காலத்தில் அச்சடித்து விற்ற வில்லை. அதைத்தான் ‘அரிசி இழுக்கும் காசு’ என்று லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். அரிசியில் இரும்புத்தூளை ஏற்றி, காசில் காந்தத்தைச் சேர்த்தால் எந்தக் காசும் இழுக்கும். இதற்கு அண்ணன்தான் இரிடியம் கலசம். இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமாக மாறிவிட்டது, வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் கோடிகளில் வாங்குகிறது என்று கதை. கலசம் செம்பு. மேலே தங்க முலாம், உள்ளே வரகு முதலான தானியம். இடி விழுந்தால் செம்பு உருகும், இரிடியம் ஆகாது. படித்தவர்களே இதில் வீட்டை விற்றுப் பணம் கட்டியிருக்கிறார்கள். போலீஸ் பிடிக்கிறது, பத்திரிகையில் வருகிறது, அடுத்த மாதம் வேறு ஊரில் அதே கலசம்.

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம் என்ற விளம்பரமும் அதே ரகம். பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலை தங்களுக்கு இல்லை, அதற்காகக் கட்டணமும் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரிக்கை விட்டது. உண்மையான மதிப்பு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் சுமார் 10.7 கிராம் வெள்ளி. சாதாரண ஆண்டுக் காசு என்றால் அன்றைய வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். ராஜராஜன் பேர் பொறித்த செப்புக்காசைக் கண்டால் எல்லாரும் புல்லரித்துப் போகிறார்கள். அது ஏராளமாகக் கிடைக்கிற காசு. வரலாற்றுக்கு அது பெரிய சாட்சி, சந்தைக்கு இல்லை.

ஆகவே ஹாலில் எந்தப் பொருளுக்கும் விலை எழுத வேண்டாம், யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். ‘விற்பனைக்கு அல்ல’ என்று வாசலிலேயே எழுதி மாட்டுங்கள். ஒவ்வொரு பொருளையும் வாங்கும்போது இரண்டு பிரதியில் ரசீது எழுதி, படம் எடுத்து, மாலையில் அவரவர் கையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ராத்திரி ஹாலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காசைப் புளி போட்டு, எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்துக் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசின் மேல் படிந்த பச்சைப் படலத்தோடு எழுத்தும் கரைந்துவிடும்.

யாராவது ‘எங்கள் நிலத்தில் உழும்போது கிடைத்தது’ என்று பானையோடு காசையோ, சிலையையோ கொண்டுவந்தால் அது வேறு சட்டம். 1878இன் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட அந்தப் பத்து ரூபாயை இன்னும் மாற்றவில்லை. நடைமுறையில் விஏஓவிடம் சொன்னால் தாசில்தார் வருவார். கொடுக்கும்போது எண்ணிக்கை, எடை எழுதிய ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கையை விட்டு விடாதீர்கள். கொடுத்த பொருள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்கிற வரை தாலுகா அலுவலகக் கருவூலப் பெட்டியில் எத்தனை காலம் தூங்கும் என்று கேட்காதீர்கள், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

மற்ற இரண்டு நாளுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பக்கம் நடுகல்லுக்குப் பேர் போன சீமை. செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972லேயே தனி நூலாக வெளியிட்டது. எடுத்தனூரில் தன் எருமைகளைக் காத்து மடிந்தவனோடு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்த ஒரு கல் போதும். பல கற்கள் இன்று வேடியப்பனாக வழிபாட்டில் இருக்கின்றன. பூசாரியிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். எழுத்து தெரியவில்லை என்று மைதா மாவையும் சாக்பீஸையும் பூசாதீர்கள், கம்பி பிரஷ் தொடவே கூடாது. காலை ஆறரைக்குச் சாய்ந்து விழும் வெயிலில் எழுத்து தானே எழுந்து நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் எட்டரைக்கு மேல் பிள்ளைகளை வெளியில் வைக்காதீர்கள். வழியில் கிடக்கும் கறுப்பு சிவப்புப் பானை ஓட்டைப் படம் பிடித்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். தோண்டுவது கூடவே கூடாது.

படியெடுப்பதைக் கோயில் சுவரில் செய்ய வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றாலும், அறநிலையத் துறைக் கோயில் என்றாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். அது உங்கள் கோடை முடிவதற்குள் வராது. பள்ளிக்கூடத் திறப்பு விழாக் கல்வெட்டு எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, அதில் பழகட்டும். கல்லை நனைத்து, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்க வேண்டும். ஈரம் பாதி வற்றிய பிறகு மைப்பொட்டலத்தால் ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து வரும். ஈரம் அதிகம் இருந்தால் மை பரவும், மே மாத வெயிலில் விட்டால் ஓரம் சுருண்டு தாள் கழன்றுவிடும். அதனால் நிழல் விழும் கல்லாகப் பாருங்கள்.

கொடுத்த 3,000 ரூபாய்க்கு வருவோம். ‘எல்லாப் பொருளுக்கும் சேர்த்து’ ஒரு சர்டிபிகேட் என்று எதுவுமே கிடையாது. பதிவுச் சான்று ஒவ்வொரு பொருளுக்கும் தனி, அதன் உரிமையாளர் பெயரில். அந்த ஆளிடம் எந்த அலுவலகம், எந்தப் பிரிவு, யார் கையெழுத்து என்று வாட்ஸப்பில் எழுதிக் கேளுங்கள். வாயால் சொல்வாரே தவிர எழுதித் தர மாட்டார். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் சேர்த்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், ஒரு வாரம் தவணை கொடுங்கள். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தொல்லியல் துறையின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினார் என்ற வரி மனுவில் கட்டாயம் இருக்கட்டும், அதன் நகலை மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.