டீம் ப்ராஜெக்ட்ல ஒரு பிள்ளைதான் கம்ப்யூட்டர தொடுது, மத்த பிள்ளைங்களுக்கு எப்படி மார்க் போடுறது?

கேள்வி: நான் நாலாங்கிளாஸ் டீச்சர். கிளாஸ்ல 30 பேர். பறவைகள்னு டாபிக் குடுத்து அஞ்சஞ்சு பேரா பிரிச்சு ஸ்லைட் பண்ணச் சொன்னேன். எல்லா டீமும் முடிச்சுட்டாங்க, பாக்கவும் நல்லாதான் இருக்கு. ஆனா டீமுக்கு ஒரு பிள்ளைதான் கம்ப்யூட்டர்ல உக்காந்துச்சு, ரெண்டு டீம் வீட்லயே செஞ்சு கொண்டு வந்துட்டாங்க. இப்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் டெக்னாலஜி திறனுக்கு தனியா மார்க் போடணும். இதுக்குன்னே ஆன்லைன் டெஸ்ட் பேக்கேஜ் இருக்கு, சர்டிபிகேட்டும் தருவோம்னு ஒருத்தர் வந்து பேசிட்டுப் போனாரு. அத வாங்கிடலாமா?

பதில்: கடைசியா கேட்டதுக்கு முதல்ல சொல்லிடுறேன் டீச்சர், வாங்காதீங்க. இந்த மாதிரி பேக்கேஜ்ல பெரும்பாலும் இருக்கிறது நாலு சாய்ஸ் குடுத்து ஒண்ண தேர்ந்தெடுக்கச் சொல்ற கேள்விங்கதான். சேவ் பண்ற பட்டன் எதுன்னு கேக்கும், பிள்ளை ஏதோ ஒண்ண கிளிக் பண்ணும், குத்துமதிப்பா அடிச்சாலே நாலுக்கு ஒண்ணு சரியா வந்துரும். சைக்கிள் ஓட்டத் தெரியுமான்னு பேப்பர்ல கேள்வி கேட்டு கண்டுபிடிக்க முடியாதுல்ல, அதேதான் இதுவும். சேவ் பட்டன சரியா காட்டுற எத்தனையோ பிள்ளைங்களுக்கு சேவ் பண்ணின ஃபைல மறுநாள் தேடி எடுக்கத் தெரியாது. நம்ம பாக்க வேண்டியது அந்த தேடி எடுக்கிறதத்தான்.

இன்னொண்ணு, விக்க வர்றவங்க கேக்குற விவரத்தக் கொஞ்சம் கவனிங்க. பிள்ளையோட முழுப்பேரு, பிறந்த தேதி, பெற்றோர் போன் நம்பர், சில பேர் போட்டோ கூட கேப்பாங்க. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு ஒரு படத்த ஸ்லைட்ல போடத் தெரியுதான்னு பாக்க பிறந்த தேதி எதுக்குங்க? அந்த நம்பருக்கெல்லாம் அப்புறம் கோடிங் கிளாஸ்ல சேருங்கன்னு போன் போகலாம், அந்த விவரம் எங்க போய் சேருதுன்னு உங்களால பின்னாடி புடிக்கவே முடியாது. ஃப்ரீன்னு சொல்றதுலயும் இதேதான், ஃப்ரீயா குடுக்கிறவங்க வேற எதயோ வாங்கிக்கிறாங்க. ஸ்கூல்ல அழுத்தம் குடுத்தாங்கன்னா, எந்த விவரம் எடுக்கிறீங்க எவ்ளோ நாள் வச்சிருப்பீங்கன்னு எழுத்துல குடுங்கன்னு மட்டும் கேளுங்க, பாதி பேர் அதோட திரும்பி வர மாட்டாங்க.

அக்கவுண்ட் விஷயத்துலயும் இதே மாதிரி ஒரு வலை இருக்கு. பல ஆன்லைன் சேவைல சொந்தமா அக்கவுண்ட் வைக்க 13 வயசாவது ஆகணும். அதுக்காக பிறந்த வருஷத்த மாத்திப் போடச் சொல்லி பிள்ளைங்கள விட்டு அக்கவுண்ட் திறக்க வைக்கிறாங்க, தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. டெக்னாலஜி திறன்ல முதல் பாடமே பொய் சொல்றதா ஆயிடும். அக்கவுண்டே இல்லாம ஓடுறது நிறைய இருக்கு, கட்டத்த அடுக்கி கோடிங் பழகுற ஸ்க்ராட்ச்னு ஒண்ணு இருக்கு, அதுல சின்னப் பிள்ளைங்களுக்கான ஸ்க்ராட்ச் ஜூனியருக்கு அக்கவுண்ட் வேண்டாம், ஸ்க்ராட்ச்சயும் கம்ப்யூட்டர்ல இறக்கி நெட் இல்லாமலே பண்ணலாம்.

சரி, மார்க்குக்கு வருவோம். டீம் செஞ்ச ஸ்லைட்ட பாத்து தனிப்பிள்ளையோட திறன சொல்லவே முடியாது, இத முதல்ல மனசுல போட்டுக்கோங்க. நம்ம மட்டும் இல்ல, 2015ல பல நாட்டுப் பிள்ளைங்களுக்கு வைக்கிற பீசா (PISA) தேர்வுல 15 வயசுப் பிள்ளைங்க சேந்து பிரச்சனைய தீர்க்கிறத அளந்தப்ப டீம்ல கூட இருந்தது வேற பிள்ளைங்க இல்ல, கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்தான். நிஜப் பிள்ளைங்கள வச்சா, கூட யார் வந்து சேந்தாங்கங்கறத பொறுத்து மார்க் மாறிடும்ல. அவ்ளோ பெரிய தேர்வுக்கே அந்த சிக்கல் இருக்கு, ஆனா நம்ம கைல ஒரு ஃபார்மக் குடுத்து குரூப் ப்ராஜெக்ட் வச்சு ஆளுக்கு ஒரு கிரேடு போடுன்னு சொல்லிடுறாங்க, எப்படின்னு ஒருத்தரும் சொல்றதில்ல.

அதனால ப்ராஜெக்ட் நடக்கும்போதே பாக்கணும், முடிஞ்சப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல. அடுத்த தடவ அஞ்சு பேர் வேண்டாம், மூணு பேர் போதும். அஞ்சு பேர் ஒரு திரையச் சுத்தி உக்காந்தா ரெண்டு பேருக்கு திரையே தெரியாது. பத்து நிமிஷத்துக்கு ஒருதடவ இடம் மாறணும்: ஒருத்தர் கைய வைப்பாங்க, ஒருத்தர் அடுத்து என்ன பண்ணணும்னு சொல்லுவாங்க, மூணாவது ஆள் தகவல் தேடி குறிச்சு வப்பாங்க. சொல்ற பிள்ளை மவுஸப் புடுங்கக் கூடாது, வாயால மட்டும்தான் சொல்லணும். நல்லா தெரிஞ்ச பிள்ளைக்கு இதுதான் ரொம்ப கஷ்டம், அது பொறுமையா சொல்லிக் குடுக்குதாங்கறதும் நீங்க குறிக்க வேண்டிய திறன்தான்.

குறிக்கிறதுக்கு அஞ்சு விஷயத்துக்கு மேல எடுத்துக்காதீங்க. ஃபைலுக்கு பேர் வச்சு சேவ் பண்ணி மறுநாள் எடுக்குதா, தேடும்போது சரியான வார்த்தை போடுதா, படத்த எங்கேர்ந்து எடுத்துச்சுன்னு எழுதுதா, இன்னொருத்தர் செஞ்சத அழிக்காம தன்னோடத சேக்குதா, முடிச்சதும் லாக் அவுட் பண்ணுதா. தானா செய்யுது, சொன்னா செய்யுது, இன்னும் வரலன்னு மூணே குறி போதும். ஒரு பீரியட்ல ரெண்டு டீம மட்டும் கவனிங்க, அஞ்சு பீரியட்ல பத்து டீமும் முடிஞ்சிரும். எழுத்துப் பிழைக்கும் ஸ்லைட்ல பூ போட்டிருக்கிற அழகுக்கும் இதுல மார்க் கிடையாது.

எல்லாரும் சேந்து எழுதுற ஆன்லைன் ஃபைல்ல யார் எப்ப மாத்தினாங்கன்னு ஹிஸ்டரி காட்டும்னு சொல்லுவாங்க. உண்மைதான், ஆனா மூணு பேரும் ஒரே லாகின்ல இருந்தா ஒரே பேர்தான் காட்டும். தனித்தனி லாகின் இருந்தாலும் நிறைய தட்டிச்சுன்னு தெரியுமே தவிர நல்லா செஞ்சுச்சான்னு தெரியாது.

பிள்ளைங்களே ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடுறது இந்த வயசுல வேண்டாம், சண்டை போட்ட பிள்ளைக்கு சைபர்தான் விழும். உனக்கு யார் என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு கேளுங்க, அதுல நிறைய தெரிஞ்சிரும்.

ஒவ்வொரு பிள்ளை கையும் கம்ப்யூட்டர்ல படணும்னுதான் இடம் மாறச் சொன்னேன், அதுல ஒரே ஒரு விதிவிலக்கு, அத கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும். கை விரல் சரியா வேலை செய்யாத பிள்ளை இருந்தா, அது வாயால சொல்லி கம்ப்யூட்டர் டைப் பண்ணினா அது அந்தப் பிள்ளையோட வேலைதான், முழு மார்க் குடுங்க. பக்கத்துல இருக்கிற பிள்ளைகிட்ட மெனுவ திற, ரெண்டாவது படத்த எடு, வலது பக்கம் நகத்துன்னு சரியா சொல்லி செய்ய வச்சாலும் அதேதான், ஏன்னா எந்த மெனு எந்த படம்னு முடிவு பண்ணினது இவங்க. ஆனா பக்கத்துப் பிள்ளை பாவம்னு நினைச்சு தானே முடிவு பண்ணி செஞ்சுட்டா அது இவங்க மார்க் இல்ல, அத நீங்க பக்கத்துல நின்னு பாத்தாதான் தெரியும். பெரிய எழுத்து, சுலபமா புடிக்கிற மவுஸ் இதெல்லாம் சலுகைன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, கண்ணாடி போட்டு படிக்கிற பிள்ளைக்கு யாரும் மார்க் கொறைக்கிறதில்ல. ரிப்போர்ட்லயும் "உதவியுடன் செய்தார்"னு எழுதிடாதீங்க. தானா முடிவெடுத்து செஞ்ச பிள்ளைய அந்த ஒரு வரி கீழ இறக்கிடுது, அடுத்த வருஷ டீச்சர் அதப் படிச்சுட்டு கம்ப்யூட்டர் பக்கமே விடாம ஓரமா உக்கார வச்சிடுவாங்க.

இப்ப உங்க கைல இருக்கிற ஸ்லைடுங்கள என்ன பண்றது? தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியா கூப்பிட்டு அவங்க டீம் ஃபைலயே எடுக்கச் சொல்லுங்க, ஆளுக்கு ரெண்டு நிமிஷம், 30 பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். இந்தப் படத்த மாத்து, இந்த ஸ்லைட்ட முன்னாடி கொண்டு வா, வேற பேர்ல சேவ் பண்ணுன்னு சின்னதா மூணு வேலை குடுங்க. இதச் சொல்லுன்னு கேக்காதீங்க, செஞ்சு காட்டுன்னு கேளுங்க, கூச்சப்படுற பிள்ளை வாய் பேசாது ஆனா கை பேசும். பக்கத்து பிள்ளை பாத்துட்டு வந்து அதையே செய்யாம இருக்க வேலைய மாத்தி மாத்தி குடுங்க.

வீட்ல செஞ்சு கொண்டு வந்த அந்த ரெண்டு டீமயும் திட்டாதீங்க, பெரியவங்க செஞ்சதுக்கு பிள்ளை என்ன பண்ணும். அவங்களுக்கும் இதே ரெண்டு நிமிஷம்தான், அதுல வர்ற குறிதான் மார்க். டீமா செஞ்ச ஸ்லைட்டுக்கு ரெண்டு வரி பாராட்டு எழுதிக் குடுங்க, அதுக்கு கிரேடு வேண்டாம். ஃபார்ம்ல ஒரே கட்டம்தான் இருக்குன்னா அதுல தனிப்பிள்ளையோட குறிய போட்டுட்டு நீங்க குறிச்சு வச்ச தாள பின்னாடி சேத்து பின் பண்ணிடுங்க. ஏன் இந்த கிரேடுன்னு பெற்றோர் வந்து கேட்டா அந்தத் தாள எடுத்துக் காட்டலாம்.