காயலான் கடைத் துண்டு என்ன உலோகம்?

கேள்வி: தில்லியின் பழைய இரும்புச் சந்தையான மாயாபுரியில் எடைக்குக் கிடைக்கும் உருளைக் கம்பிகளையும் துண்டுகளையும் வாங்கி வந்து, வீட்டிலுள்ள சிறிய லேத்தில் கடைகிறேன். விற்பவர் சொல்லும் பெயரை நம்ப முடியவில்லை. இன்ன உலோகம் என்று வீட்டிலேயே அறிய வழி உண்டா? காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கொள்ளலாமா?
– வாசகர் ஒருவர், மயூர் விஹார், தில்லி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: கொள்ளக் கூடாது. நல்ல எவர்சில்வர் என்று பெயர் பெற்ற 304 ரகம் காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மையே. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான 200 வரிசை எவர்சில்வரும் ஒட்டாது. 304 கம்பியையே சூடாக்காமல் இழுத்தோ வளைத்தோ இருந்தால் லேசாக ஒட்டும். கத்திகளுக்குப் பயன்படும் 420 ரக எவர்சில்வரோ நன்றாகவே ஒட்டும்.

வீட்டுப் பட்டறையில் நான் அதிகம் நம்புவது அடர்த்தியைத்தான். சமையலறை மின்னணுத் தராசே இதற்குப் போதும். துண்டின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, துண்டை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படியும் அடியிலோ பக்கத்திலோ படாதபடியும் தொங்கவிட்டால், தராசு காட்டும் கிராம் கணக்கே அத்துண்டின் கன சென்டிமீட்டர் அளவாகும். 420 கிராம் துண்டு நீரில் 50 காட்டினால், எடையை அதனால் வகுக்கக் கிடைக்கும் அடர்த்தி 8.4, பித்தளை என்று கொள்ளலாம். அலுமினியம் 2.7, டைட்டானியம் 4.5, வார்ப்பிரும்பு ஏறத்தாழ 7.2, சாதாரண எஃகு 7.85, செம்பு 8.96, ஈயம் 11.3. குரோமியம் பூசிப் பித்தளை என்று விற்கப்படும் குழாய்க் கைப்பிடிகள் பலவும் துத்தநாக வார்ப்புகளே என்பதை 6.6 என்ற எண் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே குழிவோ, ஒட்டிய காற்றுக் குமிழோ இருந்தால் மட்டும் கணக்கு தவறும்.

சாதாரண எஃகையும் எவர்சில்வரையும் அடர்த்தி பிரித்துக் காட்டாது. அதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) இருக்கிறது. அரத்தால் தேய்த்துச் சுத்தமாக்கிய இடத்தில் அதன் கரைசலை ஒரு சொட்டு விட்டால், சாதாரண எஃகில் சிறிது நேரத்தில் செம்பு படிந்து சிவக்கும், எவர்சில்வரில் படியாது.

எஃகு வகைகளுக்குள் வேறுபாடு காணச் சாணையின் தீப்பொறி உதவும். கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீல் நீண்ட மஞ்சள் கோடுகளாகச் சிதறும். கார்பன் கூடக் கூட நுனியில் பூ வெடிப்பு மிகும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகச் சிவந்திருக்கும். வெட்டுக் கருவிகளுக்குப் பயன்படும் ஹை ஸ்பீடு ஸ்டீல் மங்கிய சிவப்பில் சில கோடுகளே தரும். ரகம் தெரிந்த ஒரு துண்டைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடாமல் முடிவு செய்ய வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதைச் சொல்லத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

சாணையில் பிடிக்கவே கூடாதவையும் உண்டு. செம்பு நிறத்தில் இருந்தும் அரம் எளிதில் ஏறாத அளவுக்குக் கடினமான துண்டு பெரிலியம் கலந்த செம்பாக இருக்கலாம். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். மூடிய, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயக் கலம் எதையும் அறுக்காதீர்கள். 2010 ஏப்ரலில் அதே மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விற்ற பழைய ஆய்வுக் கருவியைப் பிரித்தபோது வெளிப்பட்ட கோபால்ட்-60 கதிர்வீச்சால் ஒருவர் உயிரிழந்தார். அத்தகைய கலத்தைக் கண்டால் விலகி நின்று காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

பாரம் தாங்கும் அச்சுக்கோ உணவு படும் பாகத்துக்கோ இச்சோதனைகள் போதா, ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பெரிய பழைய இரும்பு வணிகர்கள் கையில் வைத்திருக்கும், உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கி கார்பனை அளக்காது. கம்பி சாதாரண மைல்டு ஸ்டீலா, சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கக்கூடிய இ.என்.8 ரகமா என்று அறிய வேண்டுமானால், தீப்பொறி நிறமாலைச் சோதனை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அலுமினியத்தைச் சாணைக்கல்லில் தேய்க்கலாமா?
– வாசகி ஒருவர், ரோகிணி, தில்லி

பதில்: எஃகுக்கான சாதாரணக் கல்லில் வேண்டாம். மென்மையான உலோகம் கல்லின் துளைகளை அடைத்துக்கொள்வதால் கல் சூடேறி வெடிக்கக்கூடும். மேலும், அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கையில் பொறி விழுந்தால் கடும் வெப்பத்துடன் எரியும். அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது ஆபத்தைப் பெருக்கும். அலுமினியத்துக்கு அரமே போதும்.