ரயில்பெட்டிப் பள்ளிக்குள் வந்த போர்

கேள்வி: ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ நூலைத் தமிழில் பலமுறை படித்திருக்கிறேன், உடன் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் பரிசளித்திருக்கிறேன். அந்நூலைத் தழுவிய ஜப்பானிய அனிமேஷன் படத்தை அண்மையில் பார்த்தேன். நூலில் ஓரமாக வரும் போர், படத்தில் நடுவே வந்து அமர்ந்துவிட்டதாகத் தோன்றியது. இது நூலுக்குச் செய்த துரோகம் அல்லவா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆயினும் அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறுவயதில் டோட்டோ-சான் என்று அழைக்கப்பட்ட தெத்சுகோ குரோயாநாகி தம் பள்ளிப் பருவத்தை 1981இல் நூலாக எழுதியபோது, ஏழு வயதுச் சிறுமியின் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே எழுதினார். ஷின்னோசுகே யாகுவா இயக்கி, 2023 டிசம்பர் 8 அன்று ஜப்பானில் வெளியான படமும் அந்த உயரத்திலிருந்தே பார்க்கிறது. நூலில் சொல்லாமல் விடப்பட்ட தெருவும் கடையும் ரயில் நிலையமும் திரையில் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதுதான் வேறுபாடு. 1940இல் தொடங்கும் கதையில் அந்தத் தெரு ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருந்தால் அதுவே பொய்யாகியிருக்கும்.

இரண்டாம் உலகப் போர் எப்படி உள்ளே வருகிறது என்று கவனியுங்கள். குண்டுகள் விழுவதற்கு வெகுநாள் முன்பே, காசு போட்டால் கேரமெல் தரும் இயந்திரம் வெறுமையாகிவிடுகிறது. டோட்டோ-சான் படித்த டோமோயே பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி ‘கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்’ கொண்டுவரச் சொன்ன மதிய உணவு டப்பா மெல்ல மெல்லக் காலியாகிறது. இவை எதற்கும் படம் விளக்கம் சொல்வதில்லை. குழந்தைக்கும் யாரும் விளக்கம் சொல்லியிருக்கமாட்டார்கள் அல்லவா?

நான் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. பசியோடு நடந்துவரும் டோட்டோ-சானும், இளம்பிள்ளைவாதத்தால் கையும் காலும் பாதிக்கப்பட்ட வகுப்புத் தோழன் யாசுவாகியும், சாப்பிடுமுன் பள்ளியில் பாடும் ‘நன்றாக மென்று சாப்பிடு’ பாட்டைத் தெருவில் பாடுகிறார்கள். இந்த நேரத்தில் இப்படியொரு பாட்டா என்று வழியில் போகிறவர் அதட்டுகிறார். அழுகை முட்ட நிற்கும் இருவரும், பிறகு மழைநீர்க் குட்டையில் காலைத் தட்டித் தட்டி, சொல்லே இல்லாமல் அதே தாளத்தை எழுப்புகிறார்கள். ஐரோப்பாவில் இசைக் கல்வியாளர் எமில் ஜாக்-டால்குரோஸிடம் கோபயாஷி கற்றுவந்த தாள உடற்பயிற்சி, டோமோயே பள்ளியில் அன்றாடப் பாடமாக இருந்தது என்பதை நூலைப் படித்த நீங்கள் அறிவீர்கள். வாய்ப்பாட்டைத் தடுத்தவரால் கால்களுக்குள் இறங்கிவிட்ட பாடத்தைத் தடுக்க முடியவில்லை. வகுப்பறையில் கற்றது குழந்தையிடம் எங்கே போய்த் தங்குகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை. போரை ஓரத்திலேயே நிறுத்தியிருந்தால் இக்காட்சிக்கு இடமே இருந்திருக்காது.

மேலும், பழைய ரயில்பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்டு தோக்கியோவின் ஜியூகாவோகா பகுதியில் இயங்கிய அந்தப் பள்ளி 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. தீயைப் பார்த்தபடி, அடுத்து எப்படிப்பட்ட பள்ளியைக் கட்டலாம் என்று கோபயாஷி தம் மகனிடம் கேட்டதாக நூலிலேயே இருக்கிறது. 1963இல் அவர் மறையும்வரை அந்தத் தொடக்கப்பள்ளி மீண்டும் எழவில்லை. நாம் கொண்டாடும் டோமோயே இத்தனை குறுகிய காலமே வாழ்ந்தது போரால்தான் என்னும்போது, அந்தப் போரை எப்படி ஓரமாக வைப்பது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. இப்படத்தை அவளுக்குக் காட்டலாமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: காட்டலாம், ஆனால் தனியாக விட்டுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ரத்தமோ கோரமோ அவளைத் தாக்காது. டோட்டோ-சானின் நண்பன் யாசுவாகியின் மரணம் தாக்கும். அவனை மரத்தில் ஏற்றிவிட டோட்டோ-சான் ஏணியைச் சுமந்துவந்து படும் பாட்டில் அவளும் சேர்ந்து மூச்சுப் பிடித்திருப்பாள் என்பதால், அவனுடைய இறுதிச் சடங்கிலிருந்து டோட்டோ-சான் ஓடும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த நேரத்தில் படத்தை நிறுத்தி ஆறுதல் சொல்லத் தொடங்காதீர்கள். முடிந்த பிறகு அவள் பேச விரும்பினால், எவ்வளவு நேரமானாலும் கேளுங்கள். பள்ளிக்கு வந்த முதல் நாளன்று டோட்டோ-சான் பேசியதைத் தலைமையாசிரியர் கோபயாஷி நான்கு மணி நேரம் கேட்டாராம்.