கூகுளில் நம் தளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொழிலுக்கென்று வெப்சைட் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது. அவற்றில் உங்கள் பணம் போகிறது என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

எங்கள் வெப்சைட் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது சார். நிறுவனத்தின் பெயரை முழுசாக அடித்துத் தேடினாலும் கூகுளில் வரவில்லை. தளம் செய்து கொடுத்தவர், மாதாமாதம் பணம் கட்டி எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) எடுத்தால்தான் வரும் என்கிறார். எடுக்கலாமா?

இப்போதைக்கு ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். வேறு யாருக்கும் இல்லாத பெயரைத் தேடியும் தளம் வரவில்லை என்றால், கூகுளின் பட்டியலில் அது இன்னும் ஏறவே இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று அடித்து, ஒட்டினாற்போல முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லையா? அடுத்து, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலுக்குப் போங்கள். இலவசம்தான், தளம் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும். அங்கே முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சோதித்தால், ஏன் ஏறவில்லை என்ற காரணத்தை அதுவே காட்டிவிடும்.

நான் பார்த்தவரை இதில் அடிக்கடி மாட்டுவது ஒரு சின்ன டிக். தளம் கட்டப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செட்டிங்ஸ் போய் ரீடிங் என்ற பகுதியைத் திறந்தால், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் கீழே இருக்கும். வேலை முடியும்வரை அதை டிக் செய்து வைப்பார்கள், அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியாமல் இருக்க. தளம் திறக்கும் நாளில் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். அந்த டிக் இருக்கும்வரை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் நோஇண்டெக்ஸ் என்ற குறி இருக்கும், கூகுளும் அதற்குக் கட்டுப்பட்டு ஒதுங்கிவிடும். டிக்கை எடுத்துச் சேமியுங்கள், கேச் பிளகின் (பக்கங்களின் பழைய நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் துணை மென்பொருள்) இருந்தால் அதைக் காலி செய்யுங்கள், அப்புறம் சர்ச் கன்சோலில் அதே முகவரியைக் கொடுத்து இண்டெக்ஸ் செய்யும்படி, அதாவது பட்டியலில் ஏற்றும்படி, கோரிக்கை வையுங்கள். சில நாளில் ஏறலாம், சில வாரமும் ஆகலாம்.

இதோடு இன்னொன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ரோபாட்ஸ் கோப்பில் (தேடுபொறிகள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று தளத்தில் எழுதி வைக்கும் கோப்பு) தடை போடுவது, உள்ளே வந்து படிக்காதே என்று சொல்வது. நோஇண்டெக்ஸ், படித்துக்கொள் ஆனால் தேடலில் காட்டாதே என்பது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கூகுளால் பக்கத்தைத் திறக்க முடியாது, அதனால் உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸையும் பார்க்காது, வேறு எங்கிருந்தாவது இணைப்பு வந்திருந்தால் வெறும் முகவரி மட்டும் தேடலில் தெரியக்கூட வாய்ப்பு உண்டு.

அலுவலக நாற்காலிகள் விற்கிறோம், பழுதும் பார்க்கிறோம். மெட்டா கீவேர்டில் (பார்ப்பவருக்குத் தெரியாமல் பக்கத்தின் கோடிங்கில் எழுதும் சொற்பட்டியல்) 40 சொற்கள் போட்டிருக்கிறோம், பக்கங்களிலும் அதே சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம். ஒரு விசாரணைகூட வரவில்லையே, ஏன்?

மெட்டா கீவேர்டை ரேங்குக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அந்த 40 சொற்களையும் இன்றே அழித்துவிடலாம், எதுவும் குறையாது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவது அதைவிட மோசம், கூகுளின் ஸ்பேம் (தேடலை ஏமாற்றும் வேலை) விதிகளில் அது தனியாகவே பெயர் சொல்லி வருகிறது.

நீங்கள் அனுப்பிய முகவரியில் போய்ப் பார்த்தேன். முகப்பின் டைட்டில், அதாவது தேடலில் பெரிதாகத் தெரியும் தலைப்பு, "ஹோம்" என்று மட்டும் இருக்கிறது. சேவைப் பக்கத்தில் "எர்கோனாமிக் இருக்கைத் தீர்வுகள்" என்று பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். நாற்காலி கெட்டுப்போன மனிதர் இருக்கைத் தீர்வு என்று தேட மாட்டார். காலையில் உயர்த்தி வைத்த நாற்காலி மதியத்துக்குள் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருக்கும், அவர் போனை எடுத்து "நாற்காலி தானாகக் கீழே இறங்குகிறது" என்றுதான் அடிப்பார். அந்த வாக்கியம் உங்கள் தளத்தில் ஓரிடத்திலும் இல்லை.

அதற்கென்றே ஒரு பக்கம் எழுதுங்கள். டைட்டிலே "நாற்காலி தானாக இறங்குகிறதா? கேஸ் சிலிண்டர் மாற்றுவது எப்படி" என்று இருக்கட்டும். உள்ளே, சிலிண்டரில் அடைபட்டிருக்கும் வாயுவை சீல் தேய்ந்துபோனால் பிடித்து வைக்க முடியாது, அதனால்தான் இறங்குகிறது என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். புது சிலிண்டர் வாங்கும் முன் எந்த நீளத்தை, எங்கிருந்து எங்கு வரை அளக்க வேண்டும் என்று டேப் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். சக்கரம் உடைந்தால், கைப்பிடி ஆடினால், சாய்வு லாக் ஆகாவிட்டால் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பக்கம். உங்கள் பட்டறையில் வேலை செய்பவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

மக்கள் எந்தச் சொல்லைப் போட்டு உங்களிடம் வருகிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் தேடிய சொற்றொடர், எத்தனை முறை உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எந்த இடம் என்று 16 மாதம் வரையிலான தரவு இருக்கும். நிறையத் தடவை தெரிந்தும் யாரும் கிளிக் செய்யாத வரிகளைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தின் டைட்டிலை முதலில் திருத்துங்கள். மெட்டா டிஸ்கிரிப்ஷன் (பக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதும் சிறு விளக்கம்) ரேங்கை உயர்த்தாது. ஆனால் தேடலில் உங்கள் பெயருக்குக் கீழே அது தெரிந்தால், கிளிக் செய்யலாமா என்று ஒருவர் முடிவெடுப்பது அதைப் படித்துத்தான், அதனால் அக்கறையாக எழுதுங்கள். கூகுள் சில சமயம் டைட்டிலையும் டிஸ்கிரிப்ஷனையும் தானே மாற்றிக் காட்டும், அதற்காகப் பதறாதீர்கள்.

30 நாளில் முதல் இடம் கேரண்டி, 500 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) தருகிறோம் என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நேர்மையாக வேலை செய்தாலும் பலன் தெரியப் பொதுவாக 4 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படை யோசனையே, மற்ற தளங்கள் ஒரு பக்கத்துக்கு இணைப்பு கொடுப்பதை ஒரு வகை ஓட்டாகக் கருதுவது. ஓட்டு என்று வந்ததும் அதை விலைக்கு விற்கும் கூட்டமும் வந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் செய்த பெங்குயின் அப்டேட் என்ற மாற்றம் குறி வைத்தது இப்படிப்பட்ட வேலைகளைத்தான், பல தளங்கள் அப்போது கீழே போயின. இன்று அந்த மாதிரி இணைப்புகளைக் கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது, அதாவது நீங்கள் கொடுத்த பணம் தண்ணீரில் போட்டதுதான். எல்லை மீறிப்போனால் கூகுள் ஊழியரே தளத்தைப் பார்த்து நடவடிக்கை எடுப்பதும் உண்டு, அது சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் என்ற பகுதியில் தெரியும்.

உங்களுக்குப் பொருள் தரும் நிறுவனம் தன் தளத்தில் விற்பனையாளர் பட்டியல் வைத்திருக்கிறதா, அதில் உங்கள் பெயரும் இணைப்பும் இருக்கிறதா? நீங்கள் உறுப்பினராக இருக்கும் தொழில் சங்கத்தின் தளத்தில்? கேட்டு வாங்குங்கள். இப்படி வரும் ஐந்தாறு இணைப்புகள் அந்த 500-ஐவிட மேல்.

ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் வையுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் முதல் மாதம் எந்தெந்தப் பக்கத்தில் என்ன மாற்றப் போகிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். அது ரகசியம் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் இடம்), சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், அவர்களுக்குத் தேவையான அனுமதியை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும். சண்டை வந்து பிரிந்த பிறகு சொந்த டொமைனை மீட்க மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தளத்தைப் புதுப்பித்தோம், பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அதன் பிறகு விசாரணைகள் பாதியாகக் குறைந்துவிட்டன. பழைய டிசைனுக்கே போய்விடலாமா?

வேண்டாம். பக்கங்களின் முகவரி மாறியிருக்கும், பழைய முகவரிக்கு வருபவர்கள் 404-ல், அதாவது பக்கம் இல்லை என்ற அறிவிப்பில், முட்டி நிற்பார்கள், அதுதான் முக்கால்வாசிக் காரணமாக இருக்கும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், இத்தனை வருடமாக நன்றாகத் தேடலில் வந்துகொண்டிருந்த பக்கங்களின் முகவரிகளை ஒரே நாளில் மாற்றினோம், பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் போடவில்லை. இரண்டு வாரம் கழித்து போன் அடிப்பது நின்றபோதுதான் உறைத்தது. அந்த இரண்டு வாரம் இன்னும் மனதில் இருக்கிறது, அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

சர்ச் கன்சோலில் தேதியைப் புதுப்பிப்புக்கு முந்தைய மாதங்களுக்கு மாற்றி, கிளிக் வாங்கிய பக்கங்களின் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழைய முகவரியையும் திறந்து பாருங்கள். 404 வந்தால், அதே விஷயத்தைப் பேசும் புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடும் வகை) போடுங்கள். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடாதீர்கள், சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதையும் இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளும், சிலிண்டர் தேடி வந்தவரும் முகப்பைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். புதுப் பக்கமே இல்லாமல், பழைய பக்கம் நல்ல கிளிக் வாங்கியிருந்தால், அந்த உள்ளடக்கத்தைத் திரும்ப எழுதிப் போடுங்கள். ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்காதீர்கள், முடிந்தால் எப்போதுமே இருக்கட்டும். தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளையும் நேரடியாகப் புது முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரே வாரத்தில் 200 கட்டுரைகள் எழுதிப் போடலாம் என்று தம்பி சொல்கிறான். சரியா?

தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எதை வைத்து எழுதினீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை, படிப்பவருக்குப் பயன் இருக்கிறதா என்பதையே பார்க்கிறோம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் சொன்னது உண்மை. ஆனால் 2024 மார்ச்சில், ரேங்குக்காகவே மொத்தமாகப் பக்கங்களைக் கொட்டிக் குவிப்பதை ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டார்கள், மனிதர் எழுதினாலும் கருவி எழுதினாலும் விதி ஒன்றுதான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை நூறு முறை போடுவதும் விதிமீறலே.

வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். வாடிக்கையாளர் போனில் கேட்ட ஒரு கேள்வி, நீங்கள் சொன்ன பதில், நீங்களே எடுத்த படம். பிழை திருத்தவும் வரிசைப்படுத்தவும் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

தளத்தின் வேகச் சோதனையில் 100-க்கு 58 வருகிறது. 100 வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது எழுத்து இடம் மாறிக் குதிக்கக் கூடாது (அந்த அளவு 0.1-க்குள்). கூகுள் நல்லது என்று சொல்லும் வரம்பு இவைதான். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தால், அளவைக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் மாற்றுங்கள், பெரும்பாலும் அதிலேயே வித்தியாசம் தெரியும். சோதனையை மொபைலுக்குப் பாருங்கள், கூகுள் இண்டெக்ஸ் செய்வதும் மொபைல் வடிவத்தைத்தான்.

கூகுள் மேப்பில் எங்கள் பெயரோடு "சிறந்த, மலிவான" என்று சேர்த்துப் போட்டால் மேலே வருமா? நல்ல ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி தரலாமா?

இரண்டும் கூடாது, விதிப்படி தவறு. பெயர்ப் பலகையில் இருக்கும் பெயரையே போடுங்கள், வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், நேரத்தையும் போன் எண்ணையும் சரியாக வையுங்கள். வேலை முடிந்த கையோடு எல்லாரிடமும் ரிவ்யூ கேளுங்கள், திருப்திப்பட்டவர்களிடம் மட்டும் கேட்பது வேண்டாம். திட்டி எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள், அடுத்து வருபவர் முதலில் படிப்பது அதைத்தான்.

கூகுளே மேலே ஏஐ பதில் கொடுத்துவிடுகிறதே, இனி எஸ்இஓ செய்து என்ன பயன்?

பொதுவான தகவலைத் தேடுபவர்களில் ஒரு பகுதியினர் கிளிக் செய்யாமலேயே போய்விடுகிறார்கள், அது நிஜம்தான், உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நாற்காலியைச் சரி செய்ய ஆள் வேண்டும், நாளை வர முடியுமா என்று தேடுபவருக்கு ஒரு போன் எண் தேவை. அந்த ஏஐ பதிலில் இடம்பிடிக்கத் தனியாக கோடிங் எதுவும் தேவையில்லை, பக்கம் இண்டெக்ஸ் ஆகி, சாதாரணத் தேடலில் சிறு விளக்கத்தோடு காட்டத் தகுதியாக இருந்தால் போதும் என்கிறது கூகுள், அதனால் தனி பேக்கேஜ் விற்க வருபவர்களிடம் ஜாக்கிரதை.

வருகை எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். போன் எடுப்பவர் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன என்று அடித்துத் தேடினீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டையும் சர்ச் கன்சோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் அதை எடுத்துக்கொள்கிறேன்.