மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு: சிவப்புக்குப் பயப்படாதீர்கள், மங்கலுக்குப் பயப்படுங்கள்

கேள்வி: வயது 31. இடது கண்ணில் மாறுகண் ஆபரேஷன் செய்து 3 வாரம் ஆகிறது. இன்னும் சிவப்பு, மணல் விழுந்த மாதிரி உறுத்தல். ஓரமாகப் பார்த்தால் இழுக்கிறது, சில நேரம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. 2 வாரம் போடச் சொன்ன ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நானே வாங்கித் தொடர்கிறேன். யூடியூபில் சில வீடியோக்கள் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாமா? தலைக்குக் குளிக்கலாமா?

பதில்: பார்வை போய்விடுமோ என்பதுதானே உங்கள் பயம்? நீங்கள் எழுதியிருக்கும் எதிலும் அதற்கான அறிகுறி இல்லை. கண்ணை வெளியே எடுத்து வைத்து ஆபரேஷன் செய்வார்கள் என்றுதான் அந்த வீடியோக்களில் பாதி பேர் சொல்லியிருப்பார்கள். விழி அதன் இடத்திலேயேதான் இருக்கும். மேலே இருக்கும் மெல்லிய சவ்வை விலக்கி, விழியின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் தசையைப் பின்னால் தள்ளியோ சுருக்கியோ தைக்கிறோம். கண்ணுக்குள்ளே கத்தி வைப்பதில்லை.

உறுத்துவது தையல். அது தானாகக் கரையும் நூல். கரைந்து முடிய 6 வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை சிமிட்டும்போதெல்லாம் இமையின் உட்புறம் முடிச்சில் உரசும், காலையில் எழுந்ததும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் வையுங்கள், கசக்காதீர்கள். தையல் போட்ட பக்கத்துச் சிவப்பு மங்க 2, 3 மாதம்கூட ஆகலாம். இழுப்பு அதற்கு முன்பே குறையும்.

இரண்டாகத் தெரிவதற்கு ஒரு சோதனை. ஏதாவது ஒரு கண்ணை மூடுங்கள். இரட்டை மறைந்துவிட்டால், பழைய கோணத்துக்குப் பழகிய மூளை புதியதற்குப் பழக நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பெரியவர்களுக்கு இது சகஜம், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். ஆனால் இரட்டை திடீரென்று அதிகமாகி, கண் ஒரு பக்கம் திரும்பவே மறுத்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். குறைந்துகொண்டே வந்த வலி மறுபடி ஏறி, கூடவே பார்வை மங்குவது. தினமும் காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு தினக்காலண்டரைப் பாருங்கள். பெரிய தேதியை அல்ல, ராகுகாலம், எமகண்டம் போட்டிருக்கும் சின்ன எழுத்தை. கண்ணாடி போடுபவராக இருந்தால் போட்டுக்கொண்டு பாருங்கள். நேற்று படித்தது இன்று கலங்கினால், வலியும் சேர்ந்தால், காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் கண் மருத்துவமனைக்குப் போங்கள். இமை வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், சீழ் வடிந்தாலும் அப்படியே. அரிதாக வரும் கிருமித் தொற்று பார்வையைப் பறிக்கக்கூடியது. சீக்கிரம் வந்தால் காப்பாற்ற வழியுண்டு.

அப்புறம் அந்தச் சொட்டு மருந்து. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். 2 வாரம் என்று எழுதிக் கொடுத்தால் 2 வாரம்தான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கொடுக்கிறார்கள் என்பதற்காக ஸ்டீராய்டு, கண்ணை ஈரமாக வைக்கும் சாதாரணக் கண்ணீர் மருந்தாகிவிடாது. சிலருக்கு அது கண்ணழுத்தத்தைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். வலிக்காது, சிவக்காது, பார்வை நரம்பு மட்டும் கெடும். நாளைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய் கண் பிரஷர் பாருங்கள். உடனே நிறுத்துவதா, குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவதா என்று அவர் சொல்வார். உறுத்தலுக்கு வெறும் கண்ணீர் மருந்து போதும், அதையும் அவரே எழுதிக் கொடுக்கட்டும்.

நந்தியாவட்டை செடியிலேயே இருக்கட்டும். தையல் ஆறாத கண்ணில் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள்.

போன் பார்ப்பதாலோ அழுவதாலோ தையல் பிரியாது. டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, தலைக்குக் குளிக்கலாம். தலையைப் பின்னால் சாய்த்து, சீயக்காய் கண்ணில் இறங்காமல் அலசுங்கள். குளம், நீச்சல் குளம் மட்டும் அவர் சரி என்று சொன்ன பிறகு.