முகம் ஊதுகிறதென்று குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: பெருங்குடல் அழற்சிக்காக என் மகன் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் குளிசைகள் எட்டை நாளாந்தம் எடுக்கிறான். முகம் வட்டமாக ஊதிவிட்டது, இரவில் உறக்கமில்லை. தனியாரிடம் காட்டும் செலவும் தாங்கமுடியவில்லை. நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: அம்மா, தயவுசெய்து சடுதியாக நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரோயிட் மருந்தை எடுக்கும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் தமது இயல்பான சுரப்பைக் குறைத்துக்கொள்வதால், மருந்தைத் திடீரென விட்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் சொல்லும் ஒழுங்கில் படிப்படியாகவே குறைக்கவேண்டும். அப்படிக் குறைந்து வரும்போது முக வீக்கமும் வடியும். உறக்கமின்மைக்கு, முழு அளவையும் காலை உணவுக்குப் பின் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பொல்லாத பசியும் இம்மருந்தின் வேலைதான். சாப்பாட்டுக் கோப்பையுடன் மீண்டும் குசினிக்கு வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். கருவாடு, ஊறுகாய், சீனி ஆகியவற்றை மட்டும் குறையுங்கள். இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது பற்றியும், எலும்பைக் காக்கும் கல்சியம், விற்றமின் டி பற்றியும் வைத்தியரிடம் கேட்க மறவாதீர்கள்.

பிரெட்னிசோலோன் மலிவான மருந்து. நோய் திரும்பாமல் காக்கும் மெசலசீன் போன்றவைதான் விலை கூடியவை. அவ்வேலையை ஸ்டீரோயிட் செய்யாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக் கொப்பி போட்டுக்கொண்டால் வைத்திய ஆலோசனையும் கையிருப்பிலுள்ள மருந்துகளும் இலவசம். கொலோனோஸ்கோபி (பெருங்குடலினுள் கமெரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையையும் பழைய மருந்துத் துண்டுகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.