5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு என்றால் சிறை கிடையாதா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கிறான். 4,200 ரூபாய் மதிப்புள்ள இரண்டு சேலைகளைக் கடையிலிருந்து எடுத்துச் சென்றதாக முதலாளி புகார் கொடுத்ததில், பிரிவு 306-இன் கீழ் வழக்குப் பதிவாகியுள்ளது. சேலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் சமூக சேவை மட்டும்தான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்தச் சலுகை சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் உங்கள் தம்பிமீது போடப்பட்டிருக்கும் பிரிவில் அது இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 303(2), சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி என முதல் முறையாகத் தீர்ப்பாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவையே தண்டனை என்ற விதிவிலக்கு அந்தப் பிரிவுக்கு மட்டுமே உரியது.

நம் சட்டம் திருட்டின் கடுமையைப் பெரும்பாலும் தொகையைக் கொண்டு அளப்பதில்லை. எங்கே, யார், எப்படி எடுத்தார் என்பதைக் கொண்டே அளக்கிறது. கையிலிருந்து பறித்தால் பிரிவு 304. குடியிருக்கும் வீட்டிலோ, பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலோ திருடினால் பிரிவு 305-இன்படி ஏழு ஆண்டு வரை சிறை. முதலாளியின் வசமுள்ள பொருளை அவரிடம் வேலை செய்பவரே எடுத்தால், நம்பி உள்ளே விட்டவருக்குச் செய்த துரோகம் என்பதால், பிரிவு 306-உம் அதே ஏழு ஆண்டையே விதிக்கிறது. கொல்லவோ காயப்படுத்தவோ ஆயத்தத்துடன் வந்து திருடினால் பத்து ஆண்டு வரை கடுங்காவல். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் ஆயுள் தண்டனை வரை போகும். ஆகவே சேலையின் விலைச்சீட்டில் உள்ள தொகை உங்கள் தம்பியின் பிரிவை மாற்றாது. தண்டனையின் அளவை முடிவுசெய்யும்போது நடுவர் (மாஜிஸ்திரேட்) அதைக் கருத்தில் கொள்ளலாம்.

இனி, நீங்கள் எழுதாத ஒன்றைத் தம்பியிடம் கேளுங்கள். பல ஜவுளிக்கடைகளில் ஊழியர்கள் துணி எடுத்துக்கொண்டு, நோட்டில் எழுதி, சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தை நம்பித்தான் எடுத்தார் என்றால் நேர்மையற்ற எண்ணம் இல்லை. அந்த எண்ணம் இல்லாமல் திருட்டே இல்லை. அந்த நோட்டும், உடன் வேலை செய்தவர்களின் சாட்சியமும் அப்போது மிக முக்கியமாகிவிடும்.

பிரிவு 306 பிணையில் விட முடியாத குற்றம் என்றாலும், நடுவர் ஜாமீன் வழங்கலாம். அதைக் கேட்டு மனுச் செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், கைது தேவையில்லை எனக் கருதினால் காவல்துறை ஆஜராகும்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அப்படி வந்தால் குறித்த நாளில் தவறாமல் போக வேண்டும். காவலரிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் சாட்சியமாகாது என்பதையும் தம்பிக்குச் சொல்லி வையுங்கள்.

முதலாளி மனம் இரங்கினால், நீதிமன்ற அனுமதியோடு இவ்வழக்கைச் சமரசம் செய்துகொள்ள முடியும். சேலைகளைப் பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் வழக்கறிஞர் வழியாகக் கேளுங்கள்.

வழக்கு தண்டனை வரை போனாலும், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதானால், நன்னடத்தையில் விடுவது, அதாவது சிறைக்கு அனுப்பாமல் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற நிபந்தனையில் விடுவது, ஏன் பொருந்தாது என்று நடுவர் காரணம் எழுத வேண்டும். இந்த வயது கணக்கிடப்படுவது சம்பவ நாளில் அல்ல, குற்றவாளி எனத் தீர்ப்பாகும் நாளில். 20 வயதில் இருக்கும் உங்கள் தம்பிக்கு ஒவ்வொரு வாய்தாவும் விலையுள்ளது. வழக்கை இழுத்தடிக்க விடாதீர்கள். அவருடைய பிறப்புச் சான்றிதழை இப்போதே வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.